நடுவீட்டில் நாய்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

எனக்கு முன்னர்ப் பேசிய அன்பர்கள் குறளின் ஆழத்தையும் சிலம்பின் அழகையும் எடுத்துரைத்தார்கள். அடுத்து எழுந்திருப்பவனும் கம்பனையோ பாரதியையோ பற்றிப் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். அடியேன் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு இரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்தவன். புலமைக்கும் எனக்கும் வெகுதூரம். ஆதலின் நான் பட்டறிந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசுவதே நேர்மை என்று எண்ணினேன். நாயை வீட்டுக்கு வெளியே வைத்து வளர்ப்பதா, உள்ளே வைத்து வளர்ப்பதா என்பதே நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முன்வரிசையில் சிலர் புன்முறுவல் பூப்பதைக் காண்கிறேன். தமிழ்ச் சங்கத்து மேடையில் நாய்க்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். சங்கப் புலவர்கள் ஞமலி என்றும் ஞாளி என்றும் பெயர் சொல்லிப் பாடிய உயிர் அது. மாணிக்கவாசகப் பெருமான் இறைவன் திருமுன் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும் இடங்கள் பலவற்றில் நாயைத்தான் நினைத்துக்கொண்டார். பாரதியார் அதனைக் குழந்தைக்குத் தோழனாக அறிமுகம் செய்து வைத்தார். நாம் வந்து குடியேறியிருக்கும் இக்கன்னட நாட்டிலும் அதன் பெயர் ‘நாயி’ என்பதே. வேறு எந்தச் சொல்லில் நாம் தடுமாறினாலும், நாயைச் சுட்டுவதில் நமக்கும் அண்டை வீட்டாருக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டுவதில்லை! ஆகவே இம்மேடையில் அதற்கும் ஓர் ஓரத்தில் இடம் உண்டு என்றே கருதுகிறேன்.

தெருநாய்களைப் பற்றி நான் பேச வரவில்லை. அவற்றைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலும் நவம்பர் மாதத்திலும் ஆணைகள் பிறப்பித்ததை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். நான் பேசுவது, நாமே விரும்பி எடுத்து வந்து, பெயர் வைத்து, சோறு போட்டு வளர்க்கும் நாயைப் பற்றி மட்டுமே.

நம் காலனியில் இதைக் குறித்து இரண்டு கட்சிகள் உண்டு. ‘நாய் என்றால் அது வாசலோடு இருக்க வேண்டும், உள்ளே விட்டால் வீடு வீடாக இராது’ என்பது ஒரு கட்சி. ‘எங்கள் வீட்டில் அது பிள்ளையைப் போல, கட்டிலில்தான் படுக்கும்’ என்பது மற்றொரு கட்சி. முதற் கட்சியாருக்கு ஒரு பழமொழியே துணை நிற்கிறது. ‘நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு போகும்’ என்று என் தாயார் வாரத்துக்கு ஒரு முறையேனும் சொல்லுவார்கள். நானும் நெடுங்காலம் முதற் கட்சியிலேயே இருந்தேன். அதிலிருந்து ஏன் விலகினேன் என்பதைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நம் முன்னோர் நாயை நடுவீட்டில் வைக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் அவர்கள் வைத்த ‘வெளி’ எத்தகையது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பகலெல்லாம் அது ஆட்டு மந்தையோடும் ஏர் மாட்டோடும் கழனிக்குச் சென்றது. இரவில் திண்ணைக்குக் கீழே சுருண்டு படுத்தது. அத்திண்ணையின் மேல் யார் படுத்திருந்தார்? நம் பாட்டனார் படுத்திருந்தார். முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் சிற்றப்பா படுத்திருந்தார். களத்தில் நெல் கிடந்தால் தந்தையார் அங்கே படுத்திருந்தார். கோடைக்காலத்தில் வீட்டில் உள்ளோரில் பாதிப்பேர் வெளியேதான் உறங்கினர். நாய் வெளியே கிடந்தது என்றால், மனிதரும் வெளியே இருந்தனர் என்பதே பொருள். அது தனியே கிடக்கவில்லை, நம்மோடு கிடந்தது.

அந்த நாய்க்கு நம்மவர் செய்த சிறப்பும் சிறிதன்று. திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பகுதியில், எடுத்தனூர் என்று ஓர் ஊர் உள்ளது. அங்கே முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நடப்பட்ட நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு வீழ்ந்தான். அவனுடைய நாய், கள்வர் இருவரைக் கடித்து, அவ்விடத்தை விட்டு அகலாமல் காவல் நின்றது. அக்கல்லில் வீரனோடு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அதன் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நாளில் எத்தனையோ மனிதரின் பெயர்கள் காற்றோடு போயின; அந்த நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கல்லில் நிற்கிறது.

கன்னட நாட்டிலும் இதற்கு இணையான கல் ஒன்று உண்டு. கி.பி. 949-ஆம் ஆண்டையொட்டித் தக்கோலத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனும் கங்க மன்னன் பூதுகனும் ஒரு புறம். நம் சோழ இளவரசன் இராசாதித்தன் மறுபுறம். இராசாதித்தன் யானைமீதிருந்தபடியே உயிர் துறந்தான். அப்போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பானை நோக்கி, ‘வேண்டுவது கேள்’ என்றான் மகிழ்ந்த மன்னன். ஊரைக் கேட்டிருக்கலாம், பொன்னைக் கேட்டிருக்கலாம். அவன் கேட்டது காளி என்னும் வேட்டை நாயை! பின்னர் அந்நாய் ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு பொருது, பன்றியும் நாயும் ஒருங்கே மாண்டன. அதற்காக இன்றைய மண்டியா மாவட்டத்து ஆதகூரில் சிவன் கோயிலின் முன் கல் நாட்டி, நிலமும் விட்டனர். அக்கல்லைப் பூசிக்காமல் உண்ணும் பூசகருக்குப் பாவம் சேரும் என்றும் எழுதி வைத்தனர். அந்த ஆதகூர்க் கல் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. கப்பன் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், பக்கத்திலேயே உள்ள அந்த அருங்காட்சியகத்தில் அதனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தமிழரும் கன்னடரும் எதிரெதிரே நின்ற ஒரு போரின் செய்தியை, ஒரு நாயின் நினைவுக்கல் நமக்குக் காத்துத் தந்திருக்கிறது!

கோவிவனும் காளியும் வெளியே வாழ்ந்த நாய்கள்தாம். ஆயினும் தம்மை உடையவனுக்கு அருகில் வாழ்ந்தவை. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு, இனி நம் காலனிக்கு வருவோம்.

இங்கே நமக்கு வாய்த்திருப்பது முப்பதுக்கு நாற்பது மனை. கட்டடம் போக எஞ்சுவது, சுவருக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே மூன்று அடிச் சந்து. அதில் தண்ணீர்த் தொட்டியின் மூடி, எரிவாயு உருளை, உடைந்த மிதிவண்டி ஆகியவை போக மிஞ்சிய இடமே நாய்க்கு ‘வெளி’. இங்கே திண்ணை இல்லை; பாட்டனார் இல்லை; கயிற்றுக் கட்டில் இல்லை. மாலை ஆறு மணிக்குக் கொசுவுக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்துகிறோம்; ஒன்பது மணிக்குக் கதவைத் தாழிடுகிறோம். மனிதர் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். நாய் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. பழைய வழக்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நாம் நினைக்கிறோம். வழக்கத்தின் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றப் பாதியை விட்டுவிட்டோம் என்பதே உண்மை.

இப்போது என் கதையைச் சொல்லுகிறேன். இதனைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

என் மகள் சிறுமியாக இருந்தபோது, இரயில் பாதையோரம் கிடந்த நாட்டு நாய்க் குட்டி ஒன்றைப் பாவாடையில் பொதிந்து எடுத்து வந்தாள். மணி என்று பெயர் வைத்தாள். தாயார் ஆசாரம் மிக்கவர்கள்; குட்டி நிலைப்படியைத் தாண்டலாகாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். நானும் அதுவே முறை என்று எண்ணி, சுவரில் ஓர் இரும்புக் கொக்கியை அடித்து, ஆறடிச் சங்கிலியில் அதனைக் கட்டினேன். வேளைக்குச் சோறு வைத்தோம். தடுப்பூசியும் தவறாமல் போட்டோம். குறை ஒன்றும் வைக்கவில்லை என்றே நம்பினோம். நான்கு ஆண்டுகள் அந்த ஆறடிக்குள் அது வாழ்ந்தது. கொக்கியை மையமாக வைத்து அது நடந்து நடந்து, சிமெண்டுத் தரையில் அரைவட்டமாக ஒரு தடம் விழுந்திருந்தது. அதனை நாள்தோறும் பார்த்தேன். அது எனக்கு எதனையும் சொல்லவில்லை.

நம் காலனியின் பின்புறம் கேழ்வரகுக் கொல்லையும் தைலமரத் தோப்பும் இருப்பதை அறிவீர்கள். அவற்றுக்கு அப்பால், நம் ஆனேக்கல் வட்டத்தை ஒட்டியே, 1974-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பன்னேர்கட்டாக் காடு கிடக்கிறது. 2019-ஆம் ஆண்டு, மார்கழி மாதத்து நள்ளிரவு. மணி இடைவிடாது குரைத்தது. முதல் நாள்தான் பக்கத்து வீட்டார், உறக்கம் கெடுகிறது என்று முறையிட்டிருந்தார்கள். நான் படுக்கையில் இருந்தபடியே சன்னலைத் திறந்து, ‘சும்மா கிட’ என்று அதட்டினேன். அது என் குரலைக் கேட்டு ஒரு கணம் நிறுத்திற்று. பிறகு ஒரே ஒரு முறை வீறிட்டது. அதன்பின் ஓசை இல்லை. சொன்ன சொல்லைக் கேட்டுக்கொண்டது என்று எண்ணிப் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

விடிந்து பார்த்தால் சங்கிலி கிடந்தது, அறுந்த கழுத்துப் பட்டை கிடந்தது, நாய் இல்லை. சுற்றுச்சுவரின் மேலும், ஈர மண்ணிலும் கால் தடங்கள். வனத்துறைக் காவலர் ஒருவர் வந்து பார்த்தார், சிறுத்தை என்றார். பின்னர்ச் சங்கிலியைக் கையில் எடுத்து, ‘கட்டியா வைத்திருந்தீர்கள்?’ என்று கன்னடத்தில் கேட்டார். நான் ஆம் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் அதனைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நண்பர்களே! அது என்னை எச்சரித்தது. நான் அதனை அதட்டினேன். அது ஓடியிருக்கலாம், ஓட முடியாமல் கட்டியவன் நான். கதவைத் தட்டியிருக்கலாம், கதவு எட்டாத அளவில் சங்கிலியை அளந்தவனும் நானே.

இது அரிதான நிகழ்ச்சி என்று எண்ண வேண்டா. மகாராட்டிர மாநிலத்து அகோலே வட்டாரத்தில், காடே இல்லாத வயல்வெளியில் வாழும் சிறுத்தைகளின் உணவை ஆராய்ந்து அறிஞர்கள் 2014-இல் வெளியிட்டார்கள். எடைக் கணக்கில் அவ்வுணவின் ஏறத்தாழ 39 விழுக்காடு நாய் என்று அந்த ஆய்வு கூறுகிறது. மானைத் துரத்திப் பிடிப்பதினும், கட்டிக் கிடக்கும் நாயைக் கவ்வுவது எளிது அன்றோ? 2023 நவம்பர்த் தொடக்கத்தில் ஓசூர்ச் சாலையை ஒட்டிய கூட்லு கேட் பகுதியில், அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே சிறுத்தை ஒன்று சுற்றித் திரிந்து, பிடிக்கும் முயற்சியில் சுடப்பட்டு இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காட்டின் ஓரத்தில் வாழ்வோர் இரவில் நாயை வெளியே கட்டுவது, காவலுக்கு ஆள் வைப்பது ஆகாது. சிறுத்தைக்கு இலை போடுவதாகும். நாயைத் தேடி வரும் விலங்கு, நம் பிள்ளைகள் விளையாடும் வாசலுக்கும் வழி தெரிந்துகொள்கிறது.

இனி, முதற் கட்சியார் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை.

‘நாய் உள்ளே படுத்தால் காவல் என்னாவது?’ என்பர். மனிதனின் செவிக்கு எட்டாத ஒலிகளை எல்லாம் கேட்கும் செவி படைத்தது நாய். மூடிய கதவுக்குள் இருந்தே அது காலடியை அறியும். வெளியே கட்டிய நாய்க்கு ஒரு துண்டு இறைச்சியில் நஞ்சு வைக்கக் கள்வனால் இயலும். தாழிட்ட கதவுக்குள் இருக்கும் நாய்க்கு வைக்க இயலாது. மேலும், இரவெல்லாம் காரணமின்றிக் குரைத்துக் கிடக்கும் நாயின் குரலை நாமே மதிக்காமல் விடுகிறோம். என் வீட்டில் நடந்தது அதுதானே? உள்ளே படுத்த நாய் எழுந்து குரைத்தால் நாமும் எழுந்து பார்க்கிறோம். அதுவே காவல்.

‘உள்ளே விட்டால் கடிக்கும், பிள்ளைகள் இருக்கும் வீடு’ என்பர். அமெரிக்க நாட்டு டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1994-இல் வெளிவந்தது. கடித்தவற்றுள், முற்றத்தில் சங்கிலியில் கட்டப்பட்டவை மிகுதி என்று அது கண்டது. கட்டிக் கிடக்கும் நாய்க்கு அஞ்சி ஓட வழி இல்லை. ஆதலின் அது எதிர்த்துப் பாய்கிறது. அதற்காக, உள்ளே வளர்ந்த நாய் கடிக்காது என்று நான் உறுதி கூறவில்லை. மிகச் சிறிய குழந்தையை எந்த நாயோடும் தனியே விடலாகாது. நாய் உண்ணும்போதும் உறங்கும்போதும் தொடலாகாது என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் வேண்டும்.

‘நோய் வரும்’ என்பர். இது மிகவும் நியாயமான அச்சம். மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயால் வருவது; அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. 1885-இல் பாசுடர் என்னும் பிரெஞ்சு அறிஞர் இந்நோய்க்குத் தடுப்பு மருந்து கண்டார். 1907-இல் நம் குன்னூரில் அவர் பெயரால் நிலையம் அமைந்தது. ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்தை வயிற்றில் வரிசையாக ஊசி போட்டுக்கொண்ட கொடுமையை முதியவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். அம்முறை நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டோடு ஒழிந்தது. இன்று கைப்புயத்தில் சில ஊசிகளே போதும். கடி பட்டால் உடனே சவர்க்காரம் இட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவுதல் வேண்டும். மஞ்சளும் மிளகாயும் அப்பாமல் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். ஆனால் ஒன்றை எண்ணுங்கள். வெறிநோய் நாய்க்கு எங்கிருந்து வருகிறது? வெளியே பிற விலங்கு கடிப்பதால் வருகிறது. மூன்று மாதத்தில் முதல் ஊசியும், பின்னர் மருத்துவர் கூறியவாறு ஆண்டுதோறும் ஊசியும் போட்டு, இரவில் வீட்டுக்குள் இருக்கும் நாய்க்கு அந்த இடர் மிகக் குறைவு. உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் அவ்வாறே மருந்து உண்டு. நாயை வெளியே வைத்துவிட்டால் அவை ஒழிந்துவிடுமா? நம் பிள்ளைகள் அதே முற்றத்து மண்ணில்தானே விளையாடுகிறார்கள்? தூய்மைக்கு வேண்டுவது மருந்தும் துடைப்பமும், சங்கிலி அன்று.

‘ஆசாரம் என்னாவது?’ என்பர். என் தாயாரின் கேள்வி இது. இதனை எள்ளி நகையாட எனக்கு மனம் இல்லை. வீட்டில் பூசையறை உண்டு, அடுக்களை உண்டு, அவற்றின் தூய்மையைக் காப்பது குடும்பத்தின் உரிமை. நாய் கற்றுக்கொள்ளும் உயிர். இந்த நிலைப்படி உனக்கு உரியது, அந்த நிலைப்படி உரியது அன்று என்று சில வாரம் பொறுமையாகப் பழக்கினால், ஆயுள் முழுவதும் அதனை மதிக்கிறது. கட்டிலில் ஏற்றிப் படுக்க வைத்தால்தான் அன்பு என்று யாரும் சொல்லவில்லை. கூடத்து மூலையில் மடித்துப் போட்ட ஒரு சாக்கு அதற்குப் போதும்.

இனி, மற்றக் கட்சியாரிடமும் ஒரு சொல். நாயை உள்ளே வைத்துவிட்டோம் என்பதனால் மட்டும் கடமை தீர்ந்துவிடாது. கணவனும் மனைவியும் காலை எட்டு மணிக்கு அலுவலகம் சென்று இரவு எட்டு மணிக்குத் திரும்பும் வீட்டில், பூட்டிய அறைக்குள் நாள் முழுதும் கிடக்கும் நாயும் கட்டிப் போட்ட நாயே. பனிநாட்டுக்கு உரிய சடை நாயைப் பெருமைக்காக வாங்கி, சித்திரை வெயிலில் தவிக்க விடுகிறோம். மூக்கு சப்பிய நாயை வாங்குகிறோம்; அது மூச்சு வாங்குவதைக் குறட்டை என்று சொல்லிச் சிரிக்கிறோம். நாய் நம்மைப் போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாவைத் தொங்கவிட்டு இரைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. மூக்குச் சப்பையானால் அதற்கும் வழி குறைகிறது. நம் இராசபாளையத்து நாயும், கன்னட நாட்டு முதோள் நாயும் இம்மண்ணின் வெயிலுக்கும் காற்றுக்கும் பிறந்தவை. 2005-ஆம் ஆண்டில் அஞ்சல் துறை அவ்விரண்டுக்கும் அஞ்சல் தலையே வெளியிட்டது. ஆயினும் அவை வேட்டைக்குப் பிறந்தவை. ஓட இடமின்றி அடைத்தால் அவையும் நலியும். ஓட இடம் இல்லாதவர்க்கு ஒரு நாட்டு நாய்க் குட்டியே ஏற்றது. அன்பு மிகுதியால் நம் தட்டில் உள்ளதை எல்லாம் அதற்கு ஊட்டுவோரும் உண்டு. வெங்காயமும் திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

நம் நாட்டுச் சட்டமும் இரு கட்சியாரையும் ஒருங்கே கண்டிக்கிறது. மதுரையில் பிறந்து, கலாசேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரைப் பரதநாட்டியத்துக்காக நாம் போற்றுகிறோம். அவர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, 1953-இல், விலங்குகளை வதைப்பதைத் தடுக்க ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே அத்தகைய சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூறவே, அதனைத் திரும்பப் பெற்றார். 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அச்சட்டத்தின் பதினோராம் பிரிவைப் படித்துப் பார்த்தேன். அளவுக்கு மீறிக் குறுகியதோ கனத்ததோ ஆன சங்கிலியில் ஒரு விலங்கை நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாயை, உடையவர் நடக்கவும் ஓடவும் விடாமல் இருப்பதும் குற்றம். கட்டியோ, அடைத்தோ! வெளியே கட்டுபவரும் உள்ளே அடைப்பவரும் ஒரே வரியில் நிற்கிறார்கள். நான்கு ஆண்டுகள் நான் குற்றவாளியாக இருந்தேன் என்பதை, குற்றம் முடிந்த பின்னரே அறிந்தேன்.

ஆகவே, வெளியா உள்ளா என்னும் கேள்விக்கு என் விடை இதுதான். நாய்க்கு வேண்டுவது இடம் அன்று, உடனிருப்பு. இரயில்வேக்காரன் ஆதலின் எனக்கு நெருக்கமான ஒரு கதை உண்டு. சப்பான் நாட்டு டோக்கியோ நகரில் பேராசிரியர் ஒருவர், 1925-ஆம் ஆண்டு மே மாதத்தில் பணிக்குச் சென்ற இடத்திலேயே மாண்டார். அவருடைய நாய் ஹாச்சிகோ, அவர் வழக்கமாக வந்து இறங்கும் சிபுயா நிலையத்து வாயிலில், 1935 மார்ச்சில் தான் இறக்கும்வரை ஏறத்தாழ பத்தாண்டுகள் காத்துக் கிடந்தது. அதனை வேறு வீடுகளில் வைத்துப் பார்த்தார்கள், இடம் கிடைத்தது, சோறும் கிடைத்தது. அது தேடியது அவற்றை அன்று.

பகலில் நாய் முற்றத்தில் இருக்கட்டும், வெயில் காயட்டும், மண்ணைத் தோண்டட்டும். காலையும் மாலையும் அதனை நடத்திச் செல்லுங்கள். அதன் கழிவை ஒரு காகிதத்தில் எடுத்துவிட்டால், பக்கத்து வீட்டார் நட்பும் கெடாது. இரவில் அது கதவுக்கு உள்ளே இருக்கட்டும். கூடம் இல்லையேல் கம்பிக் கதவிட்ட வராந்தா போதும். தீபாவளி நாளில் மறவாமல் உள்ளே விடுங்கள். நமக்கே செவிடுபடும் வெடிச்சத்தம், நம்மினும் கூர்ந்த செவியுள்ள உயிரை, அதுவும் ஓட முடியாமல் கட்டுண்ட உயிரை, என்ன பாடு படுத்தும் என்று எண்ணிப் பாருங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, நான்கு நாளைக்கு உரிய சோற்றை வைத்துவிட்டுச் சங்கிலியில் விட்டுப் போகாதீர்கள். நம்மில் போகாதவர் ஒருவர், போகிறவர் நாயைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை இவ்வாண்டு முதல் தொடங்குவோம். முதல் வீடாக என் வீட்டை எழுதிக்கொள்ளுமாறு செயலாளரை வேண்டுகிறேன். இவற்றுள் ஒன்றும் இயலாது என்பவர் நாய் வளர்க்காமல் இருப்பதே நாய்க்குச் செய்யும் அறம்.

மணி போன மறு ஆண்டு, என் மகள் இன்னொரு குட்டியைக் கொண்டுவந்தாள். நான் ஒன்றும் பேசாமல் தாயாரின் முகத்தைப் பார்த்தேன். அவர்கள் வெகுநேரம் குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு உள்ளே சென்று ஒரு சாக்கை உதறிக் கொண்டுவந்து, கூடத்து மூலையில் தம் கையாலேயே விரித்தார்கள். ‘இராத்திரிக்கு இங்கே கிடக்கட்டும். பூசையறைப் பக்கம் மட்டும் வரவேண்டாம்’ என்றார்கள். அன்று முதல் அந்தப் பழமொழியை அவர்கள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அப்பழமொழியும், எண்ணிப் பார்த்தால், நாயைப் பற்றியது அன்று. திருந்தாத மனிதனைப் பற்றியது. சுவரில் இருந்த கொக்கியை நான் பிடுங்கவில்லை. அதில் ஒன்றையும் மாட்டுவதில்லை; பார்ப்பதற்காக இருக்கிறது.

பாரதக் கதையின் முடிவில், தருமபுத்திரர் விண்ணுலகின் வாயிலை அடைகிறார். தம்பியரும் மனைவியும் வழியிலேயே வீழ்ந்தனர். ஒரு நாய் மட்டும் பின்தொடர்ந்து வந்தது. ‘நீ உள்ளே வரலாம்; நாய் வெளியே நிற்கட்டும்’ என்றான் இந்திரன். ‘என்னை நம்பி வந்ததை வெளியே விட்டு நான் உள்ளே வரமாட்டேன்’ என்றார் தருமர். அந்த நாயே அறக்கடவுள் என்பது பின்னரே தெரிந்தது. அவருக்கு முன்பே தெரியாது. தெரியாமலே சொன்னார் என்பதில்தான் அவர் பெருமை இருக்கிறது.

விண்ணுலகத்து வாயிலில் தருமர் விடுத்த விடையை, நம் முப்பதுக்கு நாற்பது வீட்டு வாயிலில் நாமும் விடுக்கலாம். அதற்குப் புலமை வேண்டுவதில்லை. ஒரு சாக்கு போதும்.